களத்துச் சாவியும் கதவுச் சாவியும்

மேலூர்ப் பக்கம், பெரியாறு வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் “இந்தத் தடவ எல்லாம் சாவியாப் போச்சு” என்றால், அவர் எதையும் தொலைத்துவிட்டுத் தேடவில்லை. கதிர் வெளியே வந்தும் மணி பிடிக்காமல் போன நெல்லைச் சொல்கிறார். அதே மனிதர் மறுநாள் மதுரைக்கு வந்து, நடைபாதையில் அரம் வைத்து ராவிக்கொண்டிருப்பவரிடம் வண்டிக்கு மாற்றுச் சாவி போடக் கொடுக்கிறார். இரண்டு இடத்திலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒலிதான். கேட்பவர்களில் ஒருவரும் குழம்புவதில்லை.

இந்த ஒற்றை ஒலிக்குள் இரண்டு பிறப்புகள் இருக்கின்றன. ஒன்று திராவிட மொழிகளின் மிகப் பழைய வினைகளுள் ஒன்றான ‘சா’விலிருந்து வந்தது. மற்றது இலத்தீனில் பிறந்து, போர்த்துக்கீசியர் வாய்வழியாகக் கடல் கடந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே காட்டுகிறது. அகராதியின் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. நம் கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது. போர்த்துக்கீசியர் ஒருநாளும் ஆளாத மதுரைச் சீமையில் அவர்கள் சொல் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. அவர்கள் 1619 முதல் 1658 வரை ஆண்ட யாழ்ப்பாணத்திலோ கதவைத் திறக்கும் கருவிக்குப் பெயர் ‘திறப்பு’. ஆண்ட இடத்தில் இல்லாத சொல் ஆளாத இடத்தில் எப்படி வேர்பிடித்தது?

களத்தில் இருந்தது

முதலில் நம்மூர்ச் சாவி. பால் பிடிக்கும் தருணத்தில் தண்ணீர் நின்றால், அல்லது பூக்கும் நாளில் மழை அடித்தால், அல்லது நோய் விழுந்தால், கதிர் நிமிர்ந்தே நிற்கும். முற்றிய கதிர் பாரத்தால் தலை சாய்க்கும். சாவிக் கதிருக்குப் பாரம் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வயல் செழிப்பாகத் தெரியும். பக்கத்தில் போய் உருவிப் பார்த்தால் உமிக்குள் ஒன்றுமிருக்காது.

‘பதர்’ என்ற சொல்லும் இதற்கு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது. பதர் எந்த நல்ல விளைச்சலிலும் கொஞ்சம் இருக்கும்; காற்றில் தூற்றினால் பறந்துபோகும். வள்ளுவர் பயனில்லாத பேச்சுக்காரரைப் ‘பதடி’ என்று ஒதுக்குவதும் இந்தப் பொருளில்தான்: கூட்டத்தோடு இருப்பது, கழிக்கப்பட வேண்டியது. சாவி அப்படிப்பட்டதன்று. அது ஒரு நிகழ்வு. பயிர் ‘சாவியாகிறது’. பேச்சில் இந்த எல்லை கலங்கும் என்பது உண்மையே. களத்தில் நின்று ‘சாவி நெல்’ என்று பதரையே சுட்டுவோரும் உண்டு. ஆயினும், “பதராப் போச்சு” என்பதில் இகழ்ச்சி தெரிகிறது, “சாவியாப் போச்சு” என்பதில் இழவு தெரிகிறது. சா என்னும் வினை அதற்குள் இன்னும் உயிரோடிருப்பதுதான் காரணம்.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் (1961, திருத்திய பதிப்பு 1984) புரட்டினால் இந்த ‘சா’வுக்குத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று வரிசையாக இனச்சொற்கள் கிடைக்கின்றன. சாவு, சாக்காடு, சாவி எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பெரியாறு அணை 1895இல் வந்து, வாடிப்பட்டி, மேலூர்ப் புஞ்சைகளில் பெரும்பகுதி நஞ்சையாக மாறியபிறகும் இந்தச் சொல் வழக்கொழியவில்லை. மழைக்குப் பதில் மடையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. மடை கடைசி வரை வராத ஆண்டுகளில் பழைய சொல்லே போதுமானதாக இருந்தது.

கடலில் வந்தது

இலத்தீனில் திறவுகோலுக்கு ‘கிளாவிஸ்’ என்று பெயர். அதன் நெருங்கிய உறவுச்சொல் ‘கிளாவுஸ்’. அதற்கு ஆணி என்று பொருள். இரண்டுக்கும் பின்னால் நிற்பது வளைந்த முளை அல்லது கொக்கி என்ற பழங்கருத்து. கதவின் உட்புறத் தாழை வெளியிலிருந்து கொக்கியால் இழுத்த காலத்தின் நினைவு அது.

ரோமப் பேரரசு சிதைந்து இலத்தீன் பல மொழிகளாகக் கிளைத்தபோது, இந்தச் சொல் ஊருக்கு ஒரு முகம் கொண்டது. இத்தாலியர் ‘கியாவே’ என்றனர். ஸ்பானியர் ‘யாவே’. பிரெஞ்சுக்காரர் ‘கிளே’. ருமேனியர் ‘கேயே’. கட்டலானில் ‘கிளாவ்’. போர்த்துக்கீசியத்தில் ‘சாவெ’. இன்றைய லிஸ்பனில் இதை ‘ஷாவ்’ போல உச்சரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் நம் கரைக்கு வந்த 16ஆம் நூற்றாண்டில் அந்த முதலொலி ‘பச்சை’ என்பதில் வரும் வல்லொலியாகவே இருந்தது. சொல்லின் முதலில் ‘க்ல’ என்ற கூட்டொலி போர்த்துக்கீசியத்தில் ‘ச’வாக மாறியது தற்செயலன்று. கூப்பிடுதலைக் குறிக்கும் இலத்தீன் ‘கிளாமாரே’ இத்தாலியனில் ‘கியாமாரே’, ஸ்பானியத்தில் ‘யாமார்’, போர்த்துக்கீசியத்தில் ‘சமார்’ என்று அதே வழியில்தான் நடந்தது. ஆகவே தமிழ்ச் சாவியின் முதலெழுத்தே அது எந்த இலத்தீன்வழி மொழியிலிருந்து இறங்கியது என்பதற்குச் சாட்சி. நம் கரைக்கு ஸ்பானியர் முதலில் வந்திருந்தால் நாம் இன்று ‘யாவி’யைத் தேடிக்கொண்டிருப்போம்.

கடைசி எழுத்தும் சாட்சி சொல்கிறது. போர்த்துக்கீசியச் சொல்லின் இறுதியில் அழுத்தமில்லாமல் நிற்கும் எகரம் தமிழில் இகரமாகிவிடும். ‘பாத்ரெ’ பாதிரி ஆனார். ‘மெஸ்த்ரெ’ மேஸ்திரி ஆனார். ‘சாவெ’ சாவி ஆயிற்று. நடுவில் நிற்கும் வகரம் இன்னொரு ஐயத்தைத் தீர்க்கிறது. இந்தியில் இதே சொல் ‘சாபி’ என்று பகரத்தோடு ஒலிக்கிறது. வடக்கேயிருந்து படைகளோடும் வணிகரோடும் தமிழுக்கு வந்திருந்தால் அந்தப் பகரத்தின் சுவடு எங்காவது இருக்க வேண்டும். இல்லை. கரையிலிருந்து நேராக வந்தது என்பதே பொருத்தமான முடிவு. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ சொற்களஞ்சியமும், கோவாவைச் சேர்ந்த தல்காதோ 1913இல் வெளியிட்ட ஆசிய மொழிகளில் போர்த்துக்கீசியச் சொற்கள் பற்றிய நூலும் இந்த மூலத்தையே ஏற்கின்றன. யூலும் பர்னலும் போகிறபோக்கில் ஒன்றைக் குறிக்கிறார்கள்: இந்திய மாலுமிகளின் கப்பல் இந்துஸ்தானியில் இச்சொல் கயிற்றுப் புரியைப் பிரிக்கும் கூர்முளைக்குப் பெயராக இருந்ததாம். கொக்கி, முளை என்று தொடங்கிய சொல் பூட்டுகளையெல்லாம் சுற்றிவிட்டு நம் மாலுமிகள் கையில் மறுபடி முளையாகியிருக்கிறது!

பொருள் விரிந்த விதத்திலும் இலத்தீன்வழி மொழிகள் ஒன்றுபோல் இல்லை. போர்த்துக்கீசியருக்குத் திருப்புளியும் ஒரு வகைச் ‘சாவெ’தான், நெளிந்த அடைப்புக்குறிக்கும் அதே பெயர். ஸ்பானியருக்குத் தண்ணீர்க் குழாயின் திருகும் ‘யாவே’. ருமேனியர் மலையிடுக்குப் பள்ளத்தாக்கையே இச்சொல்லின் பன்மையால் அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இசைக்குறிப்பின் தலைப்பில் இடும் அடையாளத்துக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். தோள்பட்டையிலிருந்து நெஞ்சுக்குச் செல்லும் எலும்பு இலத்தீன் மருத்துவத்தில் ‘சின்னத் திறவுகோல்’; நாம் அதைக் கழுத்தணியின் பெயரால் காறை எலும்பு என்கிறோம்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்பானியத்தின் இரட்டைதான். அங்கே ‘யாவே’ என்பது மக்கள் வாயில் தேய்ந்து வந்த வடிவம். அது கையில் பிடிக்கும் சாவி. ‘கிளாவே’ என்பது படித்தவர்கள் இலத்தீனிலிருந்து பின்னாளில் நேரே எடுத்துக்கொண்ட வடிவம். அது புதிருக்கு விடை, ரகசியக் குறியீடு, ஒரு விஷயத்தின் மையம். கைக்கு ஒரு சொல், கருத்துக்கு ஒரு சொல். தமிழும் இதையே செய்திருக்கிறது, வேறு சரக்கைக் கொண்டு. வீட்டைத் திறப்பது சாவி; வெற்றியைத் திறப்பது ‘திறவுகோல்’. “வெற்றியின் சாவி” என்று நம்மூர் மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, “பீரோத் திறவுகோல் எங்கே?” என்று அடுப்படியில் யாரும் கேட்பதுமில்லை. ஸ்பானியத்தில் சொந்தச் சொல் கைக்கும் கடன் சொல் கருத்துக்கும் போயின. தமிழில் கடன் சொல் கைக்கு வந்து, சொந்தச் சொல் மேடை ஏறிவிட்டது.

சாவிக்குத் தமிழில் கிடைத்த உருவகம் கடிகாரத்தாலும் பொம்மையாலும் வந்தது. பிறர் ஆட்டுவிக்க ஆடுபவரைச் ‘சாவி கொடுத்த பொம்மை’ என்கிறோம். ‘கொத்துச்சாவி’, ‘கள்ளச்சாவி’ போன்ற கூட்டுச்சொற்களும், இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து மாமியாரின் ஆட்சியைக் குறிப்பதும் இந்தச் சொல் எவ்வளவு ஆழமாகக் குடியேறிவிட்டது என்பதைக் காட்டப் போதும்.

காது, கை, கோல்

அண்டை மொழிகளைப் பார்க்காமல் தமிழ்ச் சாவியைப் புரிந்துகொள்ள முடியாது. மலையாளத்தில் ‘தாக்கோல்’: தாழும் கோலும் சேர்ந்தது. கன்னடத்தில் ‘கீலி கை’ அல்லது ‘பீகத கை’, பூட்டின் கை. வட கர்நாடகத்தில் ‘சாவி’யும் வழங்குகிறது. தெலுங்கில் ‘தாளம் செவி’.

இந்தத் தெலுங்குச் சொல்தான் உண்மையான புதிர். தெலுங்கில் ‘செவி’ என்றால் நமக்குப் போலவே காது. பூட்டின் காது எப்படிப் பூட்டைத் திறக்கும்? ஒரு விளக்கம்: போர்த்துக்கீசியச் ‘சாவெ’ தெலுங்குக்கு வந்தபோது, மக்கள் தமக்குத் தெரிந்த ‘செவி’யின் உருவில் அதை வார்த்துக்கொண்டனர். இன்னொரு விளக்கம்: கன்னடர் கை என்று சொல்வதுபோல, தெலுங்கரும் உடலுறுப்பால் பெயரிட்டனர், பழைய திறவுகோலின் தலை வளையம் காதுமடலைப் போலத்தான் இருக்கும். இரண்டாவது விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் கன்னடம் கையைத்தான் எடுத்தது, ‘கிவி’ என்ற தன் காதை எடுக்கவில்லை. தமிழும் மலையாளமும் எடுக்கவில்லை. தெலுங்குக்கு மட்டும் அந்த எண்ணம் தோன்றியது என்பதைவிட, கடலோரம் கேட்ட அந்நியச் சொல்லுக்கு அது தன் காதைக் கொடுத்தது என்பதே எனக்கு நம்பத்தக்கதாக இருக்கிறது. 1500க்கு முந்திய தெலுங்கு நூலிலோ கல்வெட்டிலோ திறவுகோல் பொருளில் ‘செவி’ கிடைத்தால் இந்த முடிவு விழுந்துவிடும்.

தமிழில் அப்படி வார்க்கத் தேவையே இருக்கவில்லை. வந்த சொல்லுக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு சொல் ஏற்கெனவே களத்தில் கிடந்தது. ஆசையிருந்தால் சாவியையும் சா என்ற வேரிலிருந்தே வருவித்துவிடலாம்: பூட்டின் உயிரைப் போக்குவது சாவி என்று. அழகாகத்தான் இருக்கும். ஆனால் குஜராத்தியிலும் மராத்தியிலும் இதே பொருளில் ‘சாவி’ என்றும், வங்காளத்திலும் ஒடியாவிலும் ‘சாபி’ என்றும் சொல்வார்கள் என்றால், அவர்களெல்லாம் நம் ‘சா’வைக் கடன் வாங்கினார்களா?

தமிழின் சொந்தச் சொற்களும் குறைவில்லை. தாழ், தாழ்க்கோல், திறவுகோல், கோயில் வழக்கில் ‘திருக்காப்பு நீக்குதல்’. பூட்டு என்பதே ஏர் பூட்டும் வினைதான். சித்திரையில் பொன்னேர் பூட்டும் அதே சொல் வயலிலிருந்து நடந்து வந்து கதவில் தொங்குகிறது. பூட்டு, வயலிலும் வீட்டிலும் ஒரே சொல்தான். சாவி அப்படியல்ல, வயலில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக, உறவில்லாத இருவர்.

ஆட்சியா, பொருளா, சந்தையா?

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். அந்நியச் சொல் ஏன் சில இடங்களில் தங்குகிறது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஆட்சி. ஆண்டவன் சொல் அடிமை வாயில் ஒட்டும் என்பது. யாழ்ப்பாணத்தில் இதற்குச் சான்று ஏராளம். நாற்காலி அங்கே ‘கதிரை’, போர்த்துக்கீசியக் ‘கதெய்ரா’. ரொட்டி ‘பாண்’. காலணி ‘சப்பாத்து’. கடப்பாரை ‘அலவாங்கு’. நால்வர் உட்காரும் பலகை ‘வாங்கு’. அடுக்களை ‘குசினி’, புதுச்சேரியிலும் குசினி உண்டு, ஆனால் அங்கே அது பிரெஞ்சு ‘க்யுஸீன்’ஆகவும் இருக்கலாம். ஒரே இலத்தீன் தாயின் இரண்டு பிள்ளைகள் இரண்டு துறைமுகங்களில் இறங்கித் தமிழில் ஒரே பெயரில் வாழ்கிறார்கள்.

இவ்வளவு கடன் வாங்கிய யாழ்ப்பாணம், திறவுகோலுக்கு மட்டும் ‘திற’ என்ற தன் வினையிலிருந்து பெயர் செய்துகொண்டது. நாற்காலிக்குச் சொந்தச் சொல் வைத்திருந்த மதுரை, சாவியைக் கடன் வாங்கியது. மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. போர்த்துக்கீசியரின் பிடி முத்துக்குளித்துறையோடு நின்றது, அதுவும் 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போகும்வரைதான். ஆட்சிதான் காரணம் என்றால் இரண்டு ஊர்களின் அகராதிகளும் இடம் மாறியிருக்க வேண்டும். ஆகவே அந்த விளக்கம் நிற்காது.

அடுத்தது பொருள் விளக்கம். புதிய பொருள் வரும்போது பெயரும் கூடவே வரும். மேசை, அலமாரி, ஜன்னல், பேனா எல்லாம் அப்படித்தான் வந்தன. ஜன்னலுக்கு முன்பு நம்மிடம் சாளரமும் காற்று வரும் வழியாகிய காலதரும் இருந்தன. ஸ்பானியர் தம் ஜன்னலைக் காற்றின் பெயரால் ‘வெந்தானா’ என்று அழைப்பதை அறிந்தால் காலதர் என்று பெயர் வைத்தவர் மகிழ்ந்திருப்பார். ஆயினும் சட்டமும் கதவும் கூடிய புதுவகைக்கு ஜன்னல் என்ற பெயரே வென்றது. சாவியும் அப்படியே என்று வாதிடலாம். திறவுகோல் என்பதில் ஒரு கோல் இருக்கிறது. பழைய கோயில் கதவுகளின் திறவுகோல் உண்மையிலேயே நீண்ட, வளைந்த இரும்புக் கோல்தான். மடியில் செருகிக்கொள்ளும் சிறு உலோகத் துண்டைக் கோல் என்று சொல்ல நாக்கு கூசியிருக்கும்.

பாதி உண்மை. கேரளம் இந்த வாதத்துக்கு ஒரு வகையில் துணை நிற்கிறது: மணிச்சித்திரத்தாழ் போன்ற நுட்பமான உள்ளூர்ப் பூட்டுக்கலை அங்கே வலுவாக இருந்தது, போர்த்துக்கீசியர் வாசலிலேயே இருந்தும் ‘தாக்கோல்’ அசையவில்லை. மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் வேரூன்றிய பூட்டுத் தொழில் வேறு மாதிரி. அங்கே பேர்பெற்ற மாங்காய்ப் பூட்டு தொங்கும் உலோகப் பூட்டு வகை. அந்தத் தொழில் தழைக்கும்போது சாவி என்ற சொல் தமிழில் ஏற்கெனவே ஊறியிருந்தது. கையால் ராவி, ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச்சாவி செய்யும் அந்தப் பட்டறைகள், பூட்டுக்குத் தமிழ்ப் பெயரும் சாவிக்கு அந்நியப் பெயருமாக வேலை செய்துகொண்டிருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் அதே சிறு பூட்டுதானே போனது? பொருள் ஒன்றாயிருக்க, பெயர் ஏன் பிரிந்தது?

என் விடை சந்தை. போர்த்துக்கீசியரின் ஆட்சி சுருங்கிய பிறகும் அவர்கள் மொழி கரையோரத்தில் வாணிபப் பொதுமொழியாக நெடுநாள் நீடித்தது. 1706இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்காக வந்த சீகன்பால்கு தமிழோடு போர்த்துக்கீசியமும் கற்க வேண்டியிருந்தது. டேனிஷ் கோட்டையில்கூட அதுதான் நடைமுறை மொழி. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இதே நிலைமை. கிடங்குச் சாவி, கஜானாச் சாவி, பெட்டிச் சாவி எல்லாம் இந்த வாணிபத்தின் அன்றாடக் கருவிகள். சொல் இப்படிக் கரையேறியது. ஆனால் கரையேறுவது வேறு, நிலைப்பது வேறு. குஜராத்திலிருந்து வங்காளம் வரை சந்தையிலும் படைவீட்டிலும் துரைமார் வீட்டு வேலைக்காரர் நடுவிலும் ஏறக்குறைய இதே சொல் வழங்கியதால், தமிழ்நாட்டுச் சாவிக்கு நாலாபக்கமும் முட்டுக் கிடைத்தது. வடக்கேயிருந்து வந்த சிப்பாய் ‘சாபி’ என்றாலும் மதுரைக்காரருக்குப் புரிந்தது. இலங்கையில் அந்த முட்டு இல்லை. பக்கத்துச் சிங்களத்தில் இதற்குப் பெயர் ‘யதுர’. வடமொழி யந்திரத்தின் வழிவந்தது. துணையில்லாத அந்நியச் சொல்லை உள்ளூர்ச் சொல் எளிதாகத் தள்ளிவிடும். திறப்பு அதைத்தான் செய்தது.

மலையாளம் இந்த விளக்கத்துக்கும் சற்று உறுத்தல்தான். அதே இந்தியச் சந்தையில் இருந்தும் அது தாக்கோலை விடவில்லை. சந்தைத் துணை சொல்லை நிலைக்க வைக்கும். உள்ளூர்க் கைத்தொழில் வலுவாக இருந்தால் அந்தத் துணையும் போதாது. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

மீசையும் சாவியும்

ஒலி ஒற்றுமையால் சொல் அடிபட்டுப் போவதும் உண்டு. அதற்குச் சான்று மதுரையிலேயே இருக்கிறது. இயேசு சபைத் துறவியான நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது, அதே சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர் அங்கே பல ஆண்டுகளாக இருந்தார். கத்தோலிக்கரின் தலைமை வழிபாட்டைப் போர்த்துக்கீசியத்தில் ‘மிஸ்ஸா’ என்பர். முத்துக்குளித்துறையில் வழங்கியதுபோல அதைத் தமிழில் சொன்னபோது ‘மீசை’ என்று கேட்டது. குருக்கள் மீசை செய்கிறார் என்றால் மதுரைக்காரர் என்ன நினைப்பார்? நோபிலி அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் ‘பூசை’ என்றார்.

மீசையோடு மோதிய சொல் விரட்டப்பட்டது. சாவோடு மோதிய சொல் தங்கிவிட்டது. வேடிக்கைதான். வீட்டில் நல்ல காரியத்தின்போது ‘சா’ என்ற எழுத்தைத் தவிர்க்கும் மக்கள், புதுமனை புகும்போது கூசாமல் சாவியைக் கைமாற்றுகிறார்கள். வழிபாட்டுச் சொல்லுக்குக் காவலர் உண்டு. அதன் மதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு நோபிலி உண்டு. சந்தைச் சொல்லுக்கு அப்படி யாருமில்லை. தமிழ் விவிலியம் இதை உறுதிப்படுத்துகிறது: பேதுருவுக்குக் கொடுக்கப்படுவது ‘திறவுகோல்’, சாவியல்ல. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சமயம், போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்லைத் தன் வேதத்துக்குள் விடவில்லை.

இன்னொரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. கட்டலானில் ‘கிளாவ்’ என்ற ஒரே வடிவம் திறவுகோலையும் ஆணியையும் குறிக்கும். பெண்பாலாக வந்தால் திறவுகோல், ஆண்பாலாக வந்தால் ஆணி, குழப்பமில்லை. தமிழில் அஃறிணைக்கு அப்படிப் பால் பிரிவு கிடையாது. அதற்குப் பதிலாக வினை பிரித்துக் கொடுக்கிறது. களத்துச் சாவி ‘ஆகும்’, ‘ஆய்ப் போகும்’. கதவுச் சாவியை ‘போடுவோம்’, ‘கொடுப்போம்’, ‘தொலைப்போம்’. ஒன்று நேர்வது, மற்றது கையாள்வது. இரண்டும் ஒரே வினையில் ஒருபோதும் சந்திப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூரின் பாதிரி மரமும் தேவாலயப் பாதிரியும் முட்டிக்கொள்ளாததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவதாக ஒரு சாவியும் உண்டு. ‘வாஷிங்டனில் திருமணம்’ எழுதிய சா. விசுவநாதன், தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் ‘சாவி’ ஆனார். அந்தப் பெயரில் பத்திரிகையும் நடத்தினார். அந்தச் சாவிக்கு இலத்தீனும் தெரியாது, களமும் தெரியாது. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் ஒலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எச்சரிக்கை அது.

இனி நூல்களில் கிடைக்காத ஒரு சான்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பாட்டி ‘திறப்பு’ என்பார். முகாமில் பிறந்து, மதுரைப் பள்ளியில் படித்து, இப்போது வண்டி ஓட்டும் பேரன் என்ன சொல்கிறான்? வீட்டுக்குள் ஒன்றும் தெருவில் ஒன்றுமா? ‘திறப்பு விழா’ என்ற சுவரொட்டியை முதன்முதலில் பார்த்தபோது அந்தப் பாட்டி எப்படி வாசித்திருப்பார்? சந்தைதான் சொல்லை நிலைக்க வைக்கிறது என்ற என் வாதம் சரியா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மதுரையில் மொழியியல் படிக்கும் மாணவர் ஒருவர், அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே, ஒரு குறிப்பேட்டோடு போய்வர வேண்டும்.